ஜிபிஎஸ் தகராறு செய்கிறதா? கோளாறு கூரையிலா, வானத்திலா, கொலராடோவிலா

ரிசீவர் மக்கர் பண்ணுகிறது என்று கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் முடிவையும் சேர்த்தே சொல்லிவிடுவார்கள்: “சாட்டிலைட்ல ஏதோ பிரச்சினைண்ணே.” போய்ப் பார்த்தால் ஆன்டெனா கேபிளின் இணைப்பில் மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும், இல்லாவிட்டால் பக்கத்தில் புதிதாக ஒரு கண்ணாடிக் கட்டடம் எழும்பியிருக்கும். ஆனால் எப்போதாவது கோளாறு உண்மையிலேயே மேலிருந்து வரும். அதிலும் வானத்தில் சுற்றும் பெட்டியைவிட, அதைத் தரையிலிருந்து நடத்துகிறவர்களிடமிருந்து வந்த கோளாறுகள்தான் பெரிய அளவில் ஆட்டிப் பார்த்திருக்கின்றன. எது எங்கிருந்து வருகிறது என்று அறிகுறியை வைத்தே பிரித்துவிடலாம். பினாங்கிலும் கோலாலம்பூரிலும் நில அளவைக் குழு, லாரி டிராக்கர், செம்பனைத் தோட்டத்து டிரோன், தொழிற்சாலை நேர சர்வர் என்று ஏதாவது ஒன்றைக் கட்டி மேய்க்கிறவர்களுக்காக இது.

யார் எதைச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. ஜிபிஎஸ்ஸை நடத்தும் முதன்மைக் கட்டுப்பாட்டு நிலையம் அமெரிக்காவின் கொலராடோவில், ஷ்ரீவர் விண்படைத் தளத்தில் இருக்கிறது. அது முடங்கினால் கலிஃபோர்னியாவின் வாண்டன்பர்க்கில் மாற்று நிலையம் உண்டு. உலகம் முழுக்கப் பரவிய 16 கண்காணிப்பு நிலையங்கள் ஒவ்வொரு செயற்கைக்கோளின் சிக்னலையும் ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கின்றன. அந்த அளவுகளை வைத்து, எந்தச் செயற்கைக்கோள் அடுத்து எங்கே இருக்கும், அதன் அணுக்கடிகாரம் எவ்வளவு விலகும் என்று கணித்து, தரை ஆன்டெனாக்கள் வழியாக நாளுக்கு ஒரு தடவையாவது மேலே ஏற்றுகிறார்கள். அந்த ஆன்டெனாக்களில் ஒன்று நம் பக்கத்து இந்தியப் பெருங்கடலில், டியேகோ கார்சியா தீவில் நிற்கிறது. செயற்கைக்கோள் சொன்னதைச் சொல்லும் கிளிப்பிள்ளை. கீழே தப்பாகச் சொல்லிக்கொடுத்தால் மேலிருந்து தெளிவான குரலில் தப்பு வரும்.

இதிலிருந்தே முதல் சோதனை கிடைத்துவிடுகிறது. சிக்னல் வலு குறைந்து, இடமும் தப்பினால் கோளாறு உங்கள் பக்கம் அல்லது வளிமண்டலத்தில். வலு நன்றாக இருந்தும் விடை தப்பினால், ஒன்று மேலே தப்பாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், இல்லையென்றால் உங்கள் அமைப்பில் வரைபடக் கணக்கு மாறியிருக்கிறது. ரிசீவரின் திரையில் ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் அதன் வலுவைக் காட்டும் ஒரு எண் டெசிபல்-ஹெர்ட்ஸில் வரும். திறந்த வெளியில் உயரத்தில் இருப்பவை 40-க்கு மேல் காட்ட வேண்டும். ஜார்ஜ்டவுனில் என்றால் கடலோரத்து பாடாங் கோத்தா திடலில் நின்று ஒரு தடவை பார்த்து, அந்தப் படத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தத் தகராறு வந்தாலும் அதோடு ஒப்பிடலாம்.

கருவியைத் திறப்பதற்கு முன் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். ஒரு ரிசீவருக்கா, எல்லாவற்றுக்குமா? ஒரு செயற்கைக்கோளா, ஒரு நாட்டின் செயற்கைக்கோள் தொகுப்பா, மொத்தமுமா? எப்போது வருகிறது, திரும்ப எப்போது வருகிறது? கடைசிக் கேள்வியைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை. அதுதான் அதிகம் உதவும்.

எல்லாச் செயற்கைக்கோளும் ஒரே நொடியில் காணாமல் போகின்றன

இது உங்கள் பக்கத்துக் கோளாறு. யோசிக்கவே வேண்டாம். ஜிபிஎஸ்ஸை அமெரிக்காவும், குளோனாஸை ரஷ்யாவும், கலிலியோவை ஐரோப்பாவும், பெய்டோவைச் சீனாவும் தனித்தனியாக நடத்துகின்றன. நாலு கட்டுப்பாட்டு நிலையங்களும் பேசி வைத்துக்கொண்டு ஒரே நொடியில் படுக்காது.

ஆன்டெனாவுக்குப் போகும் மின்னழுத்தத்தை முதலில் அளந்து பாருங்கள். ஆன்டெனாவுக்குள் ஒரு சிறு பெருக்கி உண்டு, அதற்கு ரிசீவர்தான் கேபிள் வழியாக மின்சாரம் தருகிறது. கேபிளில் தண்ணீர் இறங்கிக் குறுக்குச்சுற்று ஆனாலோ, மாலை இடியில் பெருக்கி கருகினாலோ மொத்தமும் போய்விடும். கிள்ளான் பள்ளத்தாக்கின் இடியைத் தெரிந்தவர்கள் கூரை ஆன்டெனாவுக்கு மின்னல் தடுப்பான் இல்லாமல் விடமாட்டார்கள்.

கேபிளும் ஆன்டெனாவும் நன்றாக இருந்தால் குறுக்கீட்டைச் சந்தேகியுங்கள். ஜிபிஎஸ்ஸின் முதன்மையான எல்-1 அலைவரிசை 1575.42 மெகாஹெர்ட்ஸ். தரைக்கு வந்து சேரும்போது அதன் வலு ஒரு வாட்டின் கோடி கோடியில் ஒரு பங்கையும்விடக் குறைவு. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் ஒரு சின்ன ஜாமர் போதும், சுற்றுவட்டாரத்தையே செவிடாக்கிவிடும். முதலாளியின் டிராக்கரை ஏமாற்ற ஓட்டுநர் வைத்திருக்கும் பொருள், வாகன நிறுத்தத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தின் நேர சர்வரையும் சேர்த்துக் கொல்லும். கண்டுபிடிப்பது எளிது: கைப்பேசியில் சிக்னல் காட்டும் செயலி ஒன்றைத் திறந்து வைத்துக்கொண்டு நடங்கள். ஒரு பக்கம் போகப் போக எல்லா எண்களும் சேர்ந்து இறங்கி, மறு பக்கம் போனால் சேர்ந்து ஏறினால், நடுவில் எங்கோ ஜாமர் இருக்கிறது. ஒரு குறிப்பிட்ட லாரி வரும் நேரத்தில் மட்டும் வந்தால் கேட்கவே வேண்டாம். இங்கே இது சட்டவிரோதம், மலேசியத் தகவல்தொடர்பு ஆணையமான எம்சிஎம்சியிடம் புகார் கொடுக்கலாம். ஆனால் முதலில் ஓட்டுநரோடு உட்கார்ந்து பேசுங்கள். பாதி நேரம் அவருக்கு வேறு ஒரு மனக்குறை இருக்கும்.

ஒரு நாட்டின் தொகுப்பு மட்டும் ஒதுங்கிவிடுகிறது

ஜிபிஎஸ்ஸும் பெய்டோவும் ஒழுங்காக ஓட, கலிலியோ முழுவதையும் ரிசீவர் ஒதுக்கிவிட்டது என்று வையுங்கள். ஆன்டெனாவைத் தொடாதீர்கள். கலிலியோவுக்கென்று தனி ஆன்டெனா கிடையாது. அமைப்பில் யாராவது அந்தத் தொகுப்பை அணைத்து வைத்தார்களா என்று மட்டும் பார்த்துவிட்டு, கோளாறை மேலே தேடுங்கள்.

2019 ஜூலை 11 அன்று நடந்தது இதுதான். இத்தாலியின் ஃபூச்சினோவிலும் ஜெர்மனியின் ஓபர்ஃபாஃபன்ஹோஃபனிலும் உள்ள கட்டுப்பாட்டு மையங்களில், நேரத்தையும் சுற்றுப்பாதையையும் கணிக்கும் சாதனங்களில் கோளாறு. செயற்கைக்கோள்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, சிக்னலும் வந்துகொண்டேதான் இருந்தது. புதிய கணிப்பு மேலே போகவில்லை. பழைய கணிப்பையே சொல்லிச் சொல்லி அது ஊசிப்போயிற்று. ஜூலை 18 வரை சேவை சீராகவில்லை. ஆனால் ஆபத்தில் இருப்பவர்களின் அவசர சிக்னலைப் பிடிக்கும் தேடல் மீட்புச் சேவை அப்போதும் பாதிக்கப்படவில்லை, அது வேறு வழியில் ஓடுவது.

இந்த வகைக் கோளாறைப் பிடிக்க எபிமெரிஸின் வயதைப் பாருங்கள். எபிமெரிஸ் என்பது செயற்கைக்கோள் தன் இருப்பிடத்தைப் பற்றிச் சொல்லும் விவரம். ஜிபிஎஸ்ஸில் வழக்கமாக 2 மணி நேரத்துக்கு ஒரு தடவை புதிது வரும், 4 மணி நேரம் வரை நம்பலாம். ஒரு தொகுப்பு முழுவதிலும் அந்த வயது ஏறிக்கொண்டே போனால் தரை நிலையத்தில் யாரோ வியர்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

குளோனாஸின் கதை இதைவிட மோசம். 2014 ஏப்ரல் 2 அன்று, மாஸ்கோவில் நள்ளிரவு தாண்டிய நேரத்தில், தப்பான எபிமெரிஸ் எல்லாச் செயற்கைக்கோள்களிலும் ஒரே நேரத்தில் நடைமுறைக்கு வந்துவிட்டது. சுமார் 11 மணி நேரம் மொத்தத் தொகுப்பும் பயனில்லாமல் கிடந்தது. திருத்தம் உடனே போகவில்லை. ஒவ்வொரு செயற்கைக்கோளும் சுற்றிக்கொண்டு ரஷ்யத் தரை ஆன்டெனாக்களின் பார்வைக்குள் வந்த பிறகுதான் அதற்குத் திருத்தம் ஏற்ற முடிந்தது. அதனால்தான் ஒன்றன்பின் ஒன்றாக அவை தேறின. எல்லாம் சேர்ந்து கெட்டு, ஒவ்வொன்றாகத் தேறினால் அது தரைக் கட்டுப்பாட்டின் கையெழுத்து. உங்கள் கேபிளுக்கு அப்படித் தேறத் தெரியாது.

செய்ய வேண்டியது ஒன்றுதான்: அந்தத் தொகுப்பின் டிக்கை எடுத்துவிட்டு மற்றவற்றோடு வேலையைப் பாருங்கள். இங்கே அது பெரிய இழப்பில்லை. நம் வானத்தில் பெய்டோ மட்டுமே ஏராளம். நடுத்தர உயரத்தில் உலகைச் சுற்றும் 24-ஐத் தவிர, கிழக்குத் தீர்க்கரேகை 80, 110.5, 140 டிகிரிகளில் நிலையாக நிற்கும் மூன்றும் ஆசியப் பக்கமே சாய்ந்த மூன்றும் நமக்குத் தெரியும். ஜப்பானின் கியூஸெட்எஸ்எஸ்ஸும் கிழக்கே வந்து போகும்.

ஒரே ஒரு செயற்கைக்கோள் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது

இடம் திடீரென்று பத்து, நூறு மீட்டர் நகர்கிறது. எந்தச் செயற்கைக்கோளின் அளவு கணக்கோடு எவ்வளவு பொருந்தாமல் நிற்கிறது என்று காட்டும் எச்சப் பிழைப் பட்டியலில், ஒரே செயற்கைக்கோள் எண்ணுக்கு மட்டும் மலை போல ஒரு மதிப்பு. அந்த எண்ணை ஒதுக்கினால் எல்லாம் சரியாகிவிடுகிறது. இடம் சொல்ல நாலு செயற்கைக்கோள்கள் போதும், ஆனால் ஒன்று பொய் சொல்கிறது என்று கண்டுபிடிக்க ஐந்தும், எது என்று சுட்டிக்காட்ட ஆறும் வேண்டும். நல்ல ரிசீவர் இதைத் தானே செய்துவிடும். மலிவான லாரி டிராக்கர் செய்யாது.

இதன் பிரபலமான உதாரணம் எஸ்விஎன் 23 என்ற ஜிபிஎஸ் செயற்கைக்கோள். 1990 நவம்பரில் ஏவப்பட்டது. 2004 புத்தாண்டு தினத்தன்று அதன் அணுக்கடிகாரம் தறிகெட்டுப் போனது. கடிகாரம் ஒரு நானோநொடி தவறினால் தூரக் கணக்கில் 30 சென்டிமீட்டர், ஒரு மைக்ரோநொடி தவறினால் 300 மீட்டர். இது அதையெல்லாம் தாண்டி ஓடியது. அப்போது அது, அன்று ஜிபிஎஸ்ஸை நடத்திய அமெரிக்க விமானப்படையின் கண்காணிப்பு நிலையங்கள் எதன் கண்ணிலும் படாத இடத்தில் இருந்தது. கெட்டுவிட்டது என்ற அறிவிப்பு அதன் சிக்னலில் ஏற ஏறத்தாழ 3 மணி நேரம் ஆயிற்று. இப்போதுள்ள 16 நிலையங்களில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு, 2005-இலிருந்து, கட்டுப்பாட்டு அமைப்போடு சேர்க்கப்பட்டவை. இன்று ஒவ்வொரு செயற்கைக்கோளையும் எந்த நேரத்திலும் ஒன்றுக்கு மேற்பட்ட நிலையங்கள் பார்த்துக்கொண்டிருக்கின்றன.

இன்னொரு வகை உண்டு. சுற்றுப்பாதையில் செயற்கைக்கோளை அவ்வப்போது உந்தி நகர்த்த வேண்டியிருக்கும். நகர்த்தும்போது பழைய கணிப்பு செல்லாது. அதனால் முதலில் அதை ‘நலமில்லை’ என்று குறித்துவிட்டு, நகர்த்தி, புதுக் கணிப்பு தயாரான பிறகே திரும்பச் சேர்ப்பார்கள். 2007 ஏப்ரல் 10 அன்று எஸ்விஎன் 54-ஐ நகர்த்தியபோது இந்த வரிசை தவறியது. ‘நலம்’ என்ற குறியோடேயே அது நகர, நம்பிய ரிசீவர்கள் நூற்றுக்கணக்கான மீட்டர் தப்பின.

ஆக, செய்ய வேண்டியது: அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் வழிசெலுத்தல் மையம் வெளியிடும் ‘நானு’ அறிவிப்புகளைப் பாருங்கள். எஃப்சிஎஸ்டிடிவி என்று தொடங்கினால் நகர்த்தப் போகிறார்கள், எஃப்சிஎஸ்டிஎம்எக்ஸ் என்றால் பராமரிப்பு, யுஎன்யுஎஸ்யுஎஃப்என் என்றால் திடீரென்று கெட்டுவிட்டது, எப்போது திரும்பும் என்று தெரியாது. கலிலியோவுக்கு இதே போல ‘நாகு’. அறிவிப்பு நேரம் எல்லாம் உலகப் பொது நேரத்தில் இருக்கும், மலேசிய நேரத்துக்கு 8 மணி கூட்டிக்கொள்ளுங்கள். முக்கியமான அளவை நாளுக்கு முந்தின இரவு இதைப் பார்க்கும் பழக்கம் இருந்தால் மறுநாள் வெயிலில் நின்று தலையைச் சொறிய வேண்டாம்.

இடம் சரி, நேரம் தப்பு

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலைகளில் நேர சர்வரைப் பார்த்துக்கொள்ளும் தம்பிகளுக்கு இந்தப் பகுதி. எவ்வளவு தப்புகிறது என்ற அளவே காரணத்தைச் சொல்லிவிடும்.

சரியாக 18 நொடி முன்னால் ஓடுகிறதா? கருவி ஜிபிஎஸ் நேரத்தையே பொது நேரம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறது. 2017 ஜனவரி 1 முதல் இரண்டுக்கும் இடைவெளி 18 நொடி. மின்சாரம் போய் வந்த பிறகு ஒன்றிரண்டு நொடி தப்பி, கொஞ்ச நேரத்தில் தானே சரியாகிறதா? நெடுநாள் அலமாரியில் கிடந்த கருவி பழைய இடைவெளியை நினைவில் வைத்திருக்கிறது. புதிய மதிப்பு வரும் பக்கம் சிக்னலில் 12.5 நிமிடத்துக்கு ஒரு தடவைதான் வரும். பொறுத்திருங்கள்.

தேதி சுமார் 19.6 ஆண்டு பின்னால் போய்விட்டதா? ஜிபிஎஸ் வார எண்ணுக்கு 10 பிட் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். 1024 வாரத்துக்கு ஒரு தடவை சுழியத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில் திரும்பியது, அடுத்தது 2038 நவம்பரில். உங்கள் கருவி அந்த நாளில்தான் குழம்பும் என்று இல்லை. ஃபர்ம்வேர் எழுதப்பட்ட தேதியிலிருந்து 1024 வாரம் கழித்து, யாரும் எதிர்பாராத ஒரு சாதாரண ஞாயிற்றுக்கிழமை குழம்பும். புது ஃபர்ம்வேர் கிடைக்காத பழைய பெட்டி என்றால் தூக்கிப் போடுங்கள்.

கடைசியாக, மைக்ரோநொடிக் கணக்கில் தப்பினால். இது அரிது, ஆனால் வந்தால் தரையிலிருந்துதான் வரும். 2016 ஜனவரி 26 அன்று உலகெங்கும் தொலைத்தொடர்பு அறைகளில் எச்சரிக்கை மணி அடித்தது. 15 செயற்கைக்கோள்கள் பொது நேரத்துக்கான திருத்தத்தை சுமார் 13 மைக்ரோநொடி தப்பாகச் சொல்லிக்கொண்டிருந்தன. இடம் ஒரு மீட்டர்கூட நகரவில்லை, அதனால் வண்டி ஓட்டியவர்கள் யாருக்கும் தெரியவில்லை. கட்டுப்பாட்டு நிலையத்தில் ஒரு பழைய செயற்கைக்கோளைப் பணியிலிருந்து நீக்கியபோது தப்பான மதிப்பு மற்றவற்றுக்கு ஏறிவிட்டது. நீக்கப்பட்டது எது என்று நினைக்கிறீர்கள்? 2004-இல் தறிகெட்ட அதே எஸ்விஎன் 23. போகும்போதும் சும்மா போகவில்லை.

அந்தத் தப்பான செய்தியில் இருந்த தேதி காலாவதியானது. அதைச் சரிபார்த்த ரிசீவர்கள் ஒதுக்கித் தள்ளின, சரிபார்க்காதவை விழுங்கின. நேர சர்வர் வாங்கும்போது விற்பனையாளரிடம் இதைக் கேளுங்கள். முழித்தால் வேறு கடை பாருங்கள். கூடவே, முக்கியமான இடங்களில் ஒரே தொகுப்பை மட்டும் நம்பாமல் இரண்டு தொகுப்புகளின் நேரத்தை ஒப்பிடும்படி வையுங்கள்.

இரவு எட்டு மணிக்கு மேல் ஆர்டிகே நிற்கவே மாட்டேன் என்கிறது

ஆர்டிகே என்பது தரை நிலையத்தின் திருத்தத்தை உடனுக்குடன் வாங்கி சென்டிமீட்டர் துல்லியத்தில் அளக்கும் முறை. நெடுஞ்சாலை வேலை செய்யும் சர்வேயர்கள் இந்தத் தகராறை நன்றாக அறிவார்கள், ஏனென்றால் பகலில் தடம் மூட அனுமதி கிடைக்காது. பகல் முழுக்க சென்டிமீட்டர் துல்லியத்தில் ‘ஃபிக்ஸ்’ காட்டிய கருவி, இருட்டியதும் ‘ஃப்ளோட்’ என்ற துல்லியம் குறைந்த நிலைக்கு விழுகிறது. ரிசீவரை அணைத்துப் போட்டாலும், சிம் கார்டை மாற்றினாலும், மைஆர்டிகேநெட் என்ற திருத்த சேவையை நடத்தும் மலேசிய நில அளவைத் துறையான ஜூப்பெமுக்குப் போன் போட்டாலும் மாறுவதில்லை. நள்ளிரவு தாண்டித் தானே சரியாகிறது.

இது அயனி மண்டலத்தின் வேலை. பூமியின் காந்த நடுக்கோடு நமக்குச் சற்று வடக்கே, தென் தாய்லாந்து வழியாகப் போகிறது. சூரியன் மறைந்ததும் அந்தக் கோட்டின் மேலே அயனி மண்டலத்தின் அடிப்பகுதியிலிருந்து அடர்த்தி குறைந்த குமிழிகள் கிளம்பி உயரும். அவற்றின் வழியாக வரும் சிக்னல் நட்சத்திரம் மினுக்குவதைப் போல மினுக்கும். மார்ச்-ஏப்ரலிலும் செப்டம்பர்-அக்டோபரிலும் மோசம். சூரியப் புள்ளிகள் அதிகமாகும் ஆண்டுகளில் இன்னும் மோசம். இப்போது நடக்கும் 25-ஆவது சூரியச் சுழற்சியின் உச்சக் கட்டம் 2024-இல் அறிவிக்கப்பட்டது, அதன் வால் இன்னும் இருக்கிறது. ஐரோப்பாவில் எழுதப்பட்ட கையேடுகளில் இதைப் பற்றி இரண்டு வரிக்கு மேல் இருக்காது. அங்கே இது அவர்களுக்குத் தொல்லை இல்லை.

ஜாமரிலிருந்து இதை எப்படிப் பிரிப்பது? ஜாமர் எல்லா எண்களையும் சேர்த்து அமுக்கும். மினுக்கல் குறிப்பிட்ட திசையில் உள்ள சிலவற்றை மட்டும் பிடித்து, அவற்றின் வலுவைச் சில நொடிகளுக்குள் மேலும் கீழும் பத்து டெசிபல் அளவுக்கு ஆட்டும். மற்ற திசையில் உள்ளவை கம்மென்று இருக்கும். அப்புறம், எல்-1-ஐவிட ஜிபிஎஸ்ஸின் மற்ற அலைவரிசைகளான எல்-2, எல்-5 அதிகம் அடிபடும், அதிர்வெண் குறைவு என்பதால்.

தரைக் கட்டுப்பாடு இதற்கு என்ன செய்கிறது? கொஞ்சம்தான். ஜிபிஎஸ் சிக்னலில் அயனி மண்டலத் தாமதத்தைத் திருத்த 8 எண்கள் வருகின்றன, ஷ்ரீவரிலிருந்து ஏற்றப்படுபவை. உலகம் முழுவதுக்கும் அந்த எட்டுதான். சராசரியாகப் பாதிப் பிழையைத்தான் போக்கும். கைப்பேசி போன்ற ஒற்றை அலைவரிசைக் கருவிகள் நண்பகலுக்குப் பின் சில மீட்டர் கூடுதலாகத் தப்புவது அதனால்தான். இரவுக் குமிழிகளை அந்த எட்டு எண்களால் தொடவே முடியாது.

வேலையை எப்படி முடிப்பது? சென்டிமீட்டர் தேவைப்படும் புள்ளிகளை ஏழு மணிக்குள் முடித்து, இரவு வேலைக்கு, செயற்கைக்கோள் இல்லாமல் ஒளியால் அளக்கும் டோட்டல் ஸ்டேஷனை எடுங்கள். வேறு வழியில்லை என்றால் எல்லாத் தொகுப்புகளையும் திறந்துவிட்டு, மினுக்கும் திசையில் உள்ளவற்றை மட்டும் கையால் ஒதுக்குங்கள். இரவில் கிடைக்கும் ஃபிக்ஸை ஒரே தடவையில் நம்பாதீர்கள். இணைப்பைத் துண்டித்து, திரும்பப் பிடித்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். பொய் ஃபிக்ஸ் என்பது ஃப்ளோட்டைவிட ஆபத்து. கான்கிரீட் ஊற்றிய பிறகு அழிக்க முடியாது.

தினமும் ஏறத்தாழ அதே நேரத்தில், ஆனால் கொஞ்சம் முன்கூட்டியே

நேற்று 10.20-க்கு வந்த தாவல் இன்று 10.16-க்கு வருகிறது, நாளை 10.12. இதைக் கண்டால் சந்தோஷப்படுங்கள், விடை கையிலேயே இருக்கிறது. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் 11 மணி 58 நிமிடத்தில் ஒரு சுற்று முடிக்கும், அதனால் வானத்தில் அதே அமைப்பு ஒவ்வொரு நாளும் சுமார் 4 நிமிடம் முன்னதாக வரும். தாவலும் அப்படியே வந்தால் ஏதோ ஒரு நிலையான பொருள், கட்டடமோ தண்ணீர்த் தொட்டியோ, குறிப்பிட்ட திசைச் சிக்னலைத் திருப்பியடிக்கிறது. கேஎல்சிசி பக்கம் கண்ணாடிச் சுவர்களுக்கு நடுவே நிறுத்திய வண்டி சாலையைத் தாண்டிக் குதிப்பதும் இதே காரணம்தான். சோதிக்கும்போது ஜிபிஎஸ்ஸை மட்டும் வையுங்கள். கலிலியோவின் அமைப்பு திரும்ப 10 நாள் ஆகும், பெய்டோவின் உலகச் சுற்றுக்கு 7, குளோனாஸுக்கு 8. எல்லாம் கலந்தால் இந்தத் தாளம் கேட்காது.

ஆன்டெனாவை நகர்த்தும்போது இதை நினைவில் வையுங்கள்: ஜிபிஎஸ் பாதை 55 டிகிரி சாய்ந்தது. பினாங்கிலிருந்து பார்த்தால் நேர் வடக்கே, அடிவானத்திலிருந்து சுமார் 25 டிகிரி வரை எதுவும் வராது. அதனால் கட்டடம் வடக்கே நின்றால் இழப்பு குறைவு, கிழக்கிலோ மேற்கிலோ நின்றால்தான் உதை.

எப்போதும் ஒரே பக்கம், ஒரே அளவு விலகல்

சிக்னல் அருமை, எச்சப் பிழை இல்லை, ஆனால் எல்லைக்கல் நூறு மீட்டருக்கு மேல் தள்ளி நிற்கிறது. தீபகற்ப மலேசியாவின் பழைய கெர்த்தாவ் ஆதாரத்தில் (ஆதாரம் என்பது ஆயத்தொலைவை எங்கிருந்து எண்ணுவது என்று சொல்லும் அடிப்படை) உள்ள வரைபடத்தை இன்றைய ஆயத்தொலைவோடு கலந்திருக்கிறீர்கள். ஆதாரத்தை மாற்றினால் தீர்ந்தது. விலகல் சில பத்து சென்டிமீட்டர் என்றால் விஷயம் நுட்பமானது. மலேசியாவின் ஜிடிஎம்2000 என்பது 2000-ஆம் ஆண்டு நிலையில் நிறுத்திய ஆதாரம். நிலம் அங்கேயே நிற்கவில்லை, 2004 டிசம்பர் 26 நிலநடுக்கம் மட்டுமே லங்காவியை 17 சென்டிமீட்டர் அளவுக்கு நகர்த்தியது. மைஆர்டிகேநெட் தரும் விடையும், நேரடியாகச் செயற்கைக்கோள் திருத்தம் வாங்கும் டிரோன் தரும் விடையும் ஒத்துப்போகாததற்கு இதுவே காரணம். இரண்டும் சரி, ஆண்டுதான் வேறு.

புது எண் திரையில் தெரிகிறது, ரிசீவர் எடுத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது

எடுத்துக்கொள்ளக் கூடாது. கட்டாயப்படுத்தாதீர்கள். ராக்கெட்டிலிருந்து பிரிந்த செயற்கைக்கோள் சேவைக்கு வர மாதக்கணக்கில் ஆகும். சூரியத்தகடு விரிந்ததா, உந்துவிசை வேலை செய்கிறதா, கடிகாரம் நிலைத்ததா என்று ஒரு தனிக் குழு, பெரும்பாலும் தனி மென்பொருளோடு, பார்த்துவிட்டுத்தான் அன்றாடக் குழுவிடம் ஒப்படைக்கும். ஜிபிஎஸ்-3 வகையின் முதல் செயற்கைக்கோள் 2018 டிசம்பர் 23-இல் ஏவப்பட்டது, ‘நலம்’ என்ற குறி 2020 ஜனவரியில்தான் ஏறியது. ஏவிச் சோதிக்கும் மென்பொருள் தயாராக இருந்தது. அன்றாடம் நடத்தும் பழைய அமைப்புக்குப் புது வகையோடு பேச மேம்படுத்தல் தேவைப்பட்டது. முழுப் புது அமைப்பான ஓசிஎக்ஸுக்கு 2010-இலேயே ஒப்பந்தம் கொடுத்திருந்தும் அது பத்தாண்டுக்கு மேல் இழுத்தது. ராக்கெட் விடுவதைவிடத் தரை மென்பொருள் எழுதுவது கடினம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சில எண்கள் தேறுவதே இல்லை. 2009-இல் ஏவிய எஸ்விஎன் 49-இல், எல்-5 சோதனைக்காகச் சேர்த்த பாகம் எல்-1 சிக்னலை உள்ளுக்குள்ளேயே எதிரொலிக்க வைத்தது. தரையிலிருந்து திருத்தப் பார்த்தும் அதை வழக்கமான சேவைக்குக் கொடுக்கவில்லை. கலிலியோவின் இ14, இ18 இரண்டும் 2014 ஆகஸ்டில் தப்பான சுற்றுப்பாதையில் விடப்பட்டவை. ராக்கெட்டின் ஃபிரிகாட் என்ற மேலடுக்கில் குளிர்ந்த ஹீலியம் குழாயை ஒட்டி வைத்த எரிபொருள் குழாய் உறைந்துபோனதே காரணம். பாதையைக் கொஞ்சம் உயர்த்தினார்கள். சார்பியல் கோட்பாட்டைச் சோதிக்க அருமையாக உதவின, லாரி ஓட்ட உதவவில்லை. இந்தியாவின் நாவிக் தொகுப்புக்காக 2025 ஜனவரி 29-இல், ஸ்ரீஹரிகோட்டாவின் நூறாவது ஏவுதலாகப் போன என்விஎஸ்-02-இலும் ஆக்ஸிஜனேற்றியை விடும் வால்வு திறக்கவில்லை. பேச்சுத்தொடர்பு நன்றாக இருந்தும், தரையிலிருந்து அனுப்பிய கட்டளையால் பாதையை உயர்த்த முடியவில்லை.

இந்தியத் தொடர்பில் இன்னொன்று. உங்கள் ரிசீவர் 127, 128, 132 என்ற எண்களைக் காட்டினால் அது இந்தியாவின் ககன் திருத்த சேவை. மேற்கு வானத்தில் நன்றாகவே தெரியும், ஆனால் அதன் திருத்தம் இந்திய வான்பரப்புக்காகக் கணக்கிடப்பட்டது. இங்கே, இப்படிப்பட்ட திருத்த சேவைகளை வாங்கும் எஸ்பிஏஎஸ் என்ற அமைப்பை அணைத்து வைப்பதே நல்லது.

புகார் கொடுப்பதென்றால்

“ஜிபிஎஸ் வேலை செய்யவில்லை” என்று மட்டும் எழுதி அனுப்பினால் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். தொடங்கிய, முடிந்த நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதுங்கள். எந்தத் தொகுப்பு, எந்த எண்கள், ஒவ்வொன்றின் வலு, இரண்டாவது ரிசீவர் என்ன காட்டியது என்பதைச் சேர்த்து, மூலப் பதிவை, எல்லோரும் படிக்கக்கூடிய பொது வடிவமான ரைனெக்ஸ் கோப்பாக இணையுங்கள். ஜிபிஎஸ் சிக்னல் என்றால் அமெரிக்கக் கடலோரக் காவற்படையின் மையம், கலிலியோ என்றால் ஐரோப்பிய ஜிஎன்எஸ்எஸ் சேவை மையம், திருத்த சேவை என்றால் ஜூப்பெம், ஜாமர் என்றால் எம்சிஎம்சி. தண்ணீர் இறங்கிய கேபிள் என்றால் ஏணியை எடுங்கள்.